ஏற்றத்தில் கொடுத்தது இறக்கத்தில் திரும்பாது

புனேவை ஒட்டிய சிஞ்ச்வட்டில் கடல் கிடையாது. பவனா ஆறு உண்டு. மோரயா கோசாவி சமாதிக் கோயிலை ஒட்டி ஓடுகிறது. ஆனால் தொழிற்சாலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே வரும் அந்தத் தண்ணீரில் இறங்கி, அயர்ன்மேன் பந்தயத்துக்காக 3.86 கிலோமீட்டர் நீந்த யாரும் ஆசைப்பட மாட்டார்கள். நீச்சல் பழக, பக்கத்துப் பாலேவாடியில் 1994 தேசிய விளையாட்டுப் போட்டியையொட்டி எழுந்த வளாகத்தின் குளம் இருக்கிறது. சைக்கிளுக்குப் பழைய மும்பை-புனே சாலை. ஓட்டத்துக்கு விடியற்காலையில் எந்தத் தெருவும் சரி.

இந்த ஊருக்கு 2020 செப்டம்பரில் போலீஸ் கமிஷனராக வந்து 2022 ஏப்ரல் வரை இருந்தவர் கிருஷ்ண பிரகாஷ். அதற்கு முன்பே, 2017இல், பிரான்சில் நடந்த அயர்ன்மேன் பந்தயத்தை முடித்தவர். புனேவாசியான கௌஸ்துப் ராட்கர் தேசிய அளவில் நீந்தியவர்; இருபதுக்கும் மேற்பட்ட அயர்ன்மேன் பந்தயங்களை முடித்துவிட்டு மற்றவர்களைத் தயார்செய்து வருகிறார். நடிகர் மிலிந்த் சோமன் 2015இல், 49 வயதில், சூரிச் அயர்ன்மேனை 15 மணி 19 நிமிடத்தில் முடித்தபோதுதான் இந்தியாவில் பலருக்கு இப்படியொரு பந்தயம் இருப்பதே தெரியவந்தது. 2019 அக்டோபரில் கோவாவின் மிராமார் கடற்கரையில் பாதித் தூரப் பந்தயம் வந்து சேர்ந்தது. முதல் ஆண்டு அதை வென்றவர் ராணுவ வீரர் பிஷ்வோர்ஜித் சாய்கோம்.

முழுத் தூரம் என்பது 3.86 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். இந்த எண்களை எந்த விஞ்ஞானியும் யோசித்து வைக்கவில்லை. ஹவாயின் ஓவாஹு தீவில் ஏற்கெனவே ஒரு கடல் நீச்சல் போட்டியும், தீவைச் சுற்றும் ஒரு சைக்கிள் பயணமும், ஹோனலூலு மாரத்தானும் தனித்தனியாக நடந்துகொண்டிருந்தன. கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் மூன்றையும் ஒரே நாளில் கோத்துவிட்டார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பினார்கள். 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி ஆயிற்று.

நீச்சலை இங்கே சீக்கிரமே கடந்துவிடலாம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி கொண்டது. அதனால் நீந்துபவரின் பலத்தைவிட உடலைக் கிடையாக வைத்துக்கொள்ளும் லாகவம்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. மிதப்பைக் கூட்டும் ரப்பர் உடையைத் தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது விதி. நம் கடல்களில் அதற்கு வழியே இல்லை. முழுத் தூரப் பந்தயத்தில் நீச்சலுக்குப் போகும் நேரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. பாதிக்கு மேல் சைக்கிளில் போகிறது. மலையும் காற்றும் கலந்த பாதையில் பந்தயம் கெட்டுப்போவதும் அங்கேதான். ஆனால் கெட்டுப்போனது அப்போது தெரியாது. ஓட்டத்தின் இருபத்தைந்தாவது கிலோமீட்டரில்தான் தெரியும்.

மலையும் காற்றும் போடும் அந்தக் கணக்கைப் பார்க்க சிஞ்ச்வட்டிலிருந்து மேற்கே போகும் சாலை நல்ல இடம். ஆகுர்டி, நிக்டி தாண்டி, சிவாஜியும் துக்காராமும் சந்திக்கும் பக்தி-சக்தி சிலையைக் கடந்தால் தேஹு ரோடு, சோமாட்டணே, தளேகாவ், காம்ஷேத், கார்லா, லோனாவாலா. ஏறத்தாழ 45 கிலோமீட்டர். சிஞ்ச்வட் கடல் மட்டத்திலிருந்து 570 மீட்டர் உயரம். லோனாவாலா 620க்குப் பக்கம். வித்தியாசம் ஐம்பது மீட்டர்தான், ஆனால் சாலை ஏறி இறங்கி ஏறித்தான் போகிறது. அதற்கும் மேலே காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று சஹ்யாத்ரி மலையைத் தாண்டி நேராக முகத்தில் அடிக்கும். நமக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் எப்படியோ, புனேக்காரர்களுக்கு இந்த மாவள் பகுதி அப்படி. லோனாவாலாவில் ஆண்டுக்கு நான்காயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழையைக் கொட்டிவிட்டு, புனேவுக்கு எழுநூறு மில்லிமீட்டர்போல மட்டும் கொண்டுவரும் காற்று இது. காம்ஷேத் குன்றுகளிலிருந்து பாராகிளைடரில் பறப்பவர்கள்கூட மழைக்காலத்தில் கடையைக் கட்டிவிடுவார்கள்.

லோனாவாலாவுக்கு அடுத்தது கண்டாலா. அங்கிருந்து போர் காட் மலைப்பாதை கோபோலிக்குச் சரிகிறது. ஏறக்குறைய 500 மீட்டர் இறக்கம். மும்பையிலிருந்து புனேவுக்கு நடக்கும் பழைய சைக்கிள் பந்தயத்தில் இதைக் கீழிருந்து மேலே ஏற வேண்டும். முதலில் ஏறி முடிப்பவருக்கு ‘காட்டாச்சா ராஜா’ என்று தனிப் பட்டமே உண்டு. பாதி மலையில், ஆங்கிலேயருக்கு வழி காட்டியதாகச் சொல்லப்படும் ஆடு மேய்ப்பவருக்குக் கட்டிய ஷிங்ரோபா கோயில் இருக்கிறது. லாரி ஓட்டுநர்கள் அங்கே காசு போட்டுவிட்டுப் போவார்கள். சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் நிற்பதில்லை. நின்றால் மறுபடி மிதித்துக் கிளம்புவது கஷ்டம்.

சைக்கிளை முன்னே போகவிடாமல் தடுப்பவை மூன்று: காற்றின் இழுவை, ஏற்றத்தில் புவியீர்ப்பு, டயர் தரையில் நசுங்குவதால் வரும் உருள்தடை. நான்காவதாகச் சங்கிலியிலும் பேரிங்கிலும் கொஞ்சம் உராய்வு. சிஞ்ச்வட்டில்தான் எஸ்கேஎஃப் பேரிங் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் சைக்கிள்காரருக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்: எண்ணெய் போட்டுச் சுத்தமாக வைத்த சைக்கிளில் சங்கிலி, பேரிங் எல்லாம் சேர்ந்து விழுங்குவது நூற்றில் மூன்று நான்கு பங்குதான். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து பீங்கான் பேரிங் வாங்குகிறவர்கள் அந்தப் பணத்தில் உடம்போடு ஒட்டிய நல்ல ஜெர்சி வாங்கலாம்.

ஒரு மாதிரி ஆளை எடுத்துக்கொள்வோம். எடை 70 கிலோ. சைக்கிளும் தண்ணீர் பாட்டில்களும் 10 கிலோ. ஹேண்டில்பாரில் நன்றாகக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். சிஞ்ச்வட் உயரத்தில் காற்று கடல் மட்டத்தைவிட ஐந்தாறு சதவீதம் இலேசு. அந்தச் சலுகையையும் அவருக்குக் கொடுத்துவிடுவோம். சமதளத்தில், காற்றில்லாத வேளையில், 30 கிலோமீட்டர் வேகத்தில் போக அவருக்கு ஏறக்குறைய 128 வாட் போதும். 36 கிலோமீட்டர் வேகத்துக்கு 204 வாட் வேண்டும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடியது. செலவு அறுபது சதவீதம் கூடிவிட்டது. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது, அதைத் தள்ளிக்கொண்டு போகும் திறன் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. இந்தப் பந்தயத்தில் நடக்கும் அநியாயங்களில் பாதி இந்த மும்மடியிலிருந்து வருவது.

இப்போது அவர் 160 வாட்டில் நிதானமாக மிதிக்கட்டும். காற்றில்லாத சமதளத்தில் மணிக்கு 32.8 கிலோமீட்டர் போவார். 180 கிலோமீட்டருக்கு ஐந்தரை மணி நேரம். அதே ஆள், அதே 160 வாட், மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று. 90 கிலோமீட்டர் எதிர்த்துப் போய், அதே வழியில் திரும்பி வருகிறார். எதிர்காற்றில் வேகம் 22.9க்கு விழுகிறது. பின்காற்றில் 44.6க்கு ஏறுகிறது. சராசரி 33க்கு மேல் வருகிறதே, லாபம்தானே என்று தோன்றும். கடிகாரத்தைப் பாருங்கள். போக மூன்று மணி 56 நிமிடம், வர இரண்டு மணி ஒரு நிமிடம். மொத்தம் ஐந்து மணி 57 நிமிடம். காற்று ஏறக்குறைய 28 நிமிடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

காற்று கொடுத்ததும் எடுத்ததும் கிலோமீட்டர் கணக்கில் சரிசமம், நேரக் கணக்கில் இல்லை. மெதுவாகப் போகும் பாதியில் அவர் இரண்டு மடங்கு நேரம் மாட்டிக்கொள்கிறார். பயணத்தின் மூன்றில் இரண்டு பங்கு நேரம் காற்று முகத்தில்தான். ‘போகும்போதும் எதிர்காற்று, வரும்போதும் எதிர்காற்று’ என்று சைக்கிள்காரர்கள் அலுத்துக்கொள்வதில் பாதி உண்மை இருக்கிறது. இன்னொரு கால் பங்கு உண்மை பக்கக் காற்றில் இருக்கிறது. சரியாகப் பக்கவாட்டில் அடிக்கும் காற்று உதவவும் செய்யாது, தடுக்கவும் செய்யாது என்றுதான் நினைப்போம். உண்மையில் அதே 18 கிலோமீட்டர் காற்று பக்கவாட்டில் அடித்தால் நம் ஆளின் மீதான இழுவை ஏறக்குறைய 14 சதவீதம் கூடும். அவர் உணரும் காற்று, அவருடைய வேகமும் வீசும் காற்றும் சேர்ந்த சாய்ந்த காற்று. அது இரண்டையும்விடப் பெரியது. ஆக, காற்று எட்டுத் திசையிலிருந்தும் சமமாக வீசினாலும், கெடுக்கும் திசைகள்தான் அதிகம்.

மலையிலும் இதே கதை, இன்னும் கொடுமையாக. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் 160 வாட் அவரை 12.7 கிலோமீட்டர் வேகத்தில்தான் கொண்டுபோகும். அதே சரிவில் இறங்கும்போது 160 வாட் மிதித்தால் 59. ஏறிய தூரமும் இறங்கிய தூரமும் சமமானால் சராசரி 21 கிலோமீட்டருக்கும் குறைவு. சமதளத்தில் 32.8 போனவர். ஏறும்போது புவியீர்ப்பிடம் கொடுத்த ஆற்றலை இறங்கும்போது அது முழுவதுமாகத் திருப்பித்தான் தருகிறது. அதில் மோசடி கிடையாது. ஆனால் கைக்கு வரும் முன்பே காற்று பிடுங்கிக்கொள்கிறது, 50, 60 கிலோமீட்டர் வேகத்தில், அந்த மும்மடி விகிதத்தில்.

இதிலிருந்து ஒரு யோசனை பிறக்கும். ஏற்றத்தில்தான் நேரம் போகிறதென்றால் ஏற்றத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்து, இறக்கத்தில் ஓய்வெடுத்தால் என்ன? 1997இல் ஆய்வாளர் டேவிட் ஸ்வெய்ன் இதைக் கணித மாதிரியில் போட்டுப் பார்த்தார். ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் சராசரியைவிட ஐந்து முதல் பத்து சதவீதம் கூடுதலாகவும், இறக்கத்திலும் பின்காற்றிலும் அதற்கேற்பக் குறைத்தும் மிதித்தால் மொத்த நேரம் குறையும் என்று காட்டினார். நம் ஆளுக்கே பொருத்திப் பார்ப்போம். பத்து கிலோமீட்டர் ஏற்றம். 160க்குப் பதில் 176 வாட் மிதித்தால் 47 நிமிடம் 43 ஆகக் குறைகிறது. செலவான மொத்த ஆற்றல்? முன்பு 453 கிலோஜூல், இப்போது 456. சீக்கிரம் முடித்துவிடுவதால் கிட்டத்தட்ட ஒன்றேதான். இறக்கத்தில் பெடலை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டால் வேகம் 59இலிருந்து 53க்குக் குறையும், பத்து கிலோமீட்டரில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் நஷ்டம். மிச்சமாவது ஏறக்குறைய 97 கிலோஜூல். இவ்வளவு நல்ல பேரம் இந்தப் பந்தயத்தில் வேறு எங்கும் கிடையாது. இறக்கத்தில் காலை நிறுத்தி, முழங்கையை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி உருளுங்கள். அங்கே மூச்சு வாங்க மிதிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இங்கேதான் இயற்பியல் முடிந்து உடலியல் குறுக்கே வருகிறது. ஸ்வெய்னின் மாதிரியில் பத்து சதவீதம் கூட்டினால் லாபம் என்றால் நாற்பது சதவீதம் கூட்டினால் இன்னும் லாபம்தானே என்று கால் கேட்கும். தசை அப்படிக் கணக்கு வைப்பதில்லை. மிதிக்கும் வாட்டை அளக்கும் பவர் மீட்டர் வந்தபின் உடலியலாளர் ஆண்ட்ரூ காகன் இதற்கு ஒரு கணக்கு முறை கொண்டுவந்தார். முப்பது விநாடிச் சராசரிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, சராசரி கண்டு, பிறகு நான்காம் மூலம் எடுக்க வேண்டும். நான்காம் அடுக்கு என்பதால் உச்சங்கள் பலமாகத் தண்டிக்கப்படும். பாதி நேரம் 220 வாட், பாதி நேரம் 100 வாட் மிதித்தவரின் சாதாரணச் சராசரி 160தான். காகன் கணக்கில் அது ஏறக்குறைய 187. அதாவது அவர் உடம்பு 187 வாட் நிதானமாக மிதித்த அளவுக்கு அடிபட்டிருக்கிறது, ஆனால் சாலையில் 160க்கு உரிய தூரம்தான் நகர்ந்திருக்கிறது. நடுவிலிருக்கும் 27 வாட் வீண்.

அது ஏன் என்றால் எரிபொருள்தான் காரணம். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து மொத்தமே 400, 500 கிராம். அது 1,600 முதல் 2,000 கலோரி. ஒல்லியான ஆளிடம்கூடக் கொழுப்பு பல்லாயிரம் கலோரி அளவுக்கு இருக்கிறது. நிதானமாக மிதிக்கும்போது உடம்பு கொழுப்பைத் தாராளமாக எடுத்துக்கொள்கிறது. அழுத்த அழுத்தக் கிளைகோஜன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கொழுப்பை எரிக்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு ஏற்றத்திலும் எழுந்து நின்று மிதிப்பவர் திரும்ப நிரப்ப முடியாத சின்னத் தொட்டியிலிருந்து எடுக்கிறார். இறக்கத்தில் ஓய்வெடுப்பதால் அது நிரம்பாது.

போர் காட்டை ஏறுவதற்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 80 கிலோவை 500 மீட்டர் உயர்த்த 392 கிலோஜூல். தசையின் செயல்திறன் நூற்றுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு என்பதால், உடம்பு எரிக்க வேண்டியது ஏறக்குறைய 400 கலோரி. (பெடலில் செலவான கிலோஜூலும் உடம்பில் எரிந்த கலோரியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக வருவது தற்செயல், ஆனால் மனக்கணக்குக்கு ரொம்ப வசதி.) ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேயில் 1992 முதல் நடக்கும் அயர்ன்மேனில் சைக்கிள் பாதையின் மொத்த ஏற்றம் சுமார் 2,500 மீட்டர். ஐந்து போர் காட். அதுவும் வடகிழக்கு வாணிபக் காற்று நாள் முழுக்க வீசும் எரிமலைத் தீவில், நிழலுக்கு ஒரு மரம் இல்லாத சாலையில். ஏற்றத்துக்கு மட்டுமே ஏறக்குறைய 2,000 கலோரி. தொட்டி முழுவதும் அதற்கே சரி. ஜெர்மனியின் ராத் நகரில் 2024இல் டென்மார்க்கின் மாக்னஸ் டிட்லெவ் இதே முழுத் தூரத்தை 7 மணி 23 நிமிடத்தில் முடித்தார். லான்சரோட்டேயில் சாம்பியன்களுக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகும்.

அதனால் போகிற வழியில் சாப்பிட வேண்டும், சாப்பிட்டதைக் குடல் உள்ளே எடுத்துக்கொள்ளவும் வேண்டும். குடல் சுவரில் குளுக்கோஸுக்கு ஒரு வாசல். மணிக்கு 60 கிராம்போல உள்ளே விடும். அதற்கு மேல் குடித்தால் வயிற்றில் தங்கி உருட்டும். ஃப்ரக்டோஸுக்குத் தனி வாசல் இருக்கிறது. இரண்டையும் கலந்து கொடுத்தால் மணிக்கு 90 கிராம் வரை ஏற்றலாம் என்று ஆஸ்கர் யூகென்ட்ரூப் குழுவினர் 2000களில் காட்டினார்கள். ஜெல் பாக்கெட்டுகளின் வியாபாரமே இதன்மேல் நிற்கிறது. வெல்லத்தில் இருக்கும் சுக்ரோஸ் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். லோனாவாலாவில் கடைக்குக் கடை அடுக்கி வைத்திருக்கும் சிக்கி நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மிதிக்கலாமே என்று தோன்றும். பயிற்சியில் தாராளமாகச் செய்யலாம். பந்தயத்தில் வேண்டாம். வெல்லம் சரிதான், கடலையின் கொழுப்பு இரைப்பையை மெதுவாக்கும். தவிர, ஏற்றத்தில் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டே கடலையைக் கடித்து மெல்ல முயன்றவர்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்று தெரியும். வெல்லக் கரைசலில் உப்பு சேர்த்து பாட்டிலில் ஊற்றிக்கொள்வது மேல்.

சாப்பிட ஏற்ற இடம் எது என்பதும் காற்றைப் பொறுத்தது. எதிர்காற்றிலோ ஏற்றத்திலோ ரத்தம் காலுக்கு ஓடுகிறது, குடலுக்குக் குறைகிறது. பின்காற்றில், மெல்லிய இறக்கத்தில், கை சும்மா இருக்கும்போது சாப்பிட்டுவிட வேண்டும்.

வெயிலில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. 160 வாட் பெடலுக்குப் போகும்போது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல், 500 வாட்டைத் தாண்டி, வெப்பமாக உடம்பிலேயே தங்குகிறது. அதை வெளியேற்ற மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வை கணக்கில் சேராது. சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று இந்த வேலையை இலவசமாகச் செய்துவிடுகிறது. மணிக்கு 12 கிலோமீட்டரில் ஏற்றம் ஏறும்போது, பின்னாலிருந்து 12 கிலோமீட்டர் காற்றும் வீசினால் தோலின் மீது காற்றே இல்லை. பின்காற்று என்று சந்தோஷப்படுகிற இடத்தில்தான் உடம்பு கொதிக்கும். பந்தயத்தில் அந்த இடத்தில் வாட்டைக் குறைப்பதும், தலையிலும் முதுகிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் கோழைத்தனம் இல்லை. ஆனால் பயத்தில் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஆராய்ந்த 488 பேரில் 13 சதவீதத்தினரின் ரத்தத்தில் சோடியம் அளவுக்குக் கீழே இருந்தது. அதிகம் குடித்து, ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும், மெதுவாக ஓடியவர்களும் அதில் கூடுதலாக மாட்டினார்கள். அயர்ன்மேன் நேரம் அதைவிடப் பல மடங்கு நீளம்.

கருவியிலும் மலையும் காற்றும் தங்கள் இஷ்டத்தைச் சொல்லும். ஹவாயின் கோனாவில் நடக்கும் உலகப் போட்டியில் பின்சக்கரத்துக்கு முழுத்தட்டு (டிஸ்க்) போட அனுமதி இல்லை. ஹாவி ஊருக்கு ஏறும் சாலையில் அடிக்கும் பக்கக் காற்று சைக்கிளையே தூக்கிவிடும். ஆழமான ரிம் நேர்காற்றில் சில வாட் மிச்சப்படுத்தும். பக்கக் காற்றில் முன்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பும். பயந்து ஹேண்டில்பாரைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டால், ரிம் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் நெஞ்சில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நடுத்தர ஆழமுள்ள ரிம்மில் குனிந்தே இருக்க முடிந்தவர் ஜெயிப்பார்.

கியரில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. நூற்றுக்கு எட்டு ஏற்றத்தில் நம் ஆள் 160 வாட்டில் போவது வெறும் 8.5 கிலோமீட்டர் வேகம். முன்னால் 39 பல், பின்னால் 25 பல் வைத்திருந்தால் நிமிடத்துக்கு 43 முறைதான் கால் சுற்றும். ஒவ்வொரு மிதியும் படியேறுவதுபோல விழும், அல்லது அவர் 160ஐ மறந்து 220க்குப் போய்விடுவார். 34-க்கு 32 இருந்தால் 64 சுற்று. ‘பாட்டி கியர்’ என்று கிண்டல் செய்பவர்களை முன்னே போகவிடுங்கள். விதிப்படி பன்னிரண்டு மீட்டர் இடைவெளி விட்டுத்தான் போக வேண்டும், முன்னால் போகிறவர் பின்னால் ஒதுங்கிக் காற்றைத் தவிர்க்க இங்கே இடமில்லை.

இவ்வளவும் முடிந்து சைக்கிளை நிறுத்திவிட்டு, 42 கிலோமீட்டர். ஓட்டத்தின் செலவு கிலோமீட்டருக்கு, ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒரு கலோரி போல. 70 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய மூவாயிரம். மலைப்பாதையில் இதுவும் மாறும். இத்தாலியின் ஆல்பர்ட்டோ மினெட்டி குழுவினர் 2002இல் சாய்ந்த டிரெட்மில்லில் அளந்தார்கள்: நூற்றுக்கு இருபது இறக்கத்தில் ஓடும் செலவு சமதளத்தில் பாதிதான், அதைவிடச் செங்குத்தானால் மறுபடி ஏறுகிறது. ஆனால் அவர்கள் அளந்தது ஆக்சிஜன். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். அப்போது தசை இழைகளில் விழும் சிறு கிழிசல்களுக்கு ஆக்சிஜன் கணக்கு கிடையாது, மறுநாள் மாடிப்படி இறங்கும்போதுதான் அந்தக் கணக்கு தெரியும்.

கிளைகோஜன் தீர்ந்துபோனவருக்கு ஓட்டத்தின் கடைசியில் என்ன ஆகும் என்பதை 1982 பிப்ரவரியில் உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. கோனாவில் முன்னணியில் வந்துகொண்டிருந்த கல்லூரி மாணவி ஜூலி மாஸ், எல்லைக்கோட்டுக்குச் சற்று முன் கால் மடங்கி விழுந்தார். எழுந்தார், விழுந்தார், கடைசியில் தவழ்ந்தே வந்து சேர்ந்தார். 29 விநாடி முன்னால் கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போய்விட்டார். அந்தக் காட்சியைத்தான் பந்தயத்தின் வீரத்துக்கு அடையாளமாக இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள். வீரம் உண்மைதான். தொட்டி வற்றிய உடம்பு அது என்பதும் உண்மை.

பந்தய நாளுக்கு முன் இதைச் சோதித்துப் பார்க்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. மழைக்கால ஞாயிறு ஒன்றில் விடியும் முன் நிக்டியிலிருந்து கிளம்புங்கள். எக்ஸ்பிரஸ்வேயில் இரண்டு சக்கரத்துக்கு அனுமதி கிடையாது, பழைய சாலையிலேயே போங்கள். லோனாவாலா கூட்டம் சேர்வதற்குள் திரும்பிவிடுங்கள். பவர் மீட்டர் இருந்தால் காம்ஷேத் ஏற்றத்திலும் திரும்பும்போது பின்காற்றிலும் எண் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். ஏற்றத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற விடாதீர்கள். மீட்டர் இல்லையென்றால் ஏற்றத்தில் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், அது போதும். போகும்போது வேகமானி 22 காட்டினால் கோபித்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உடனே அரை மணி ஓடிப் பாருங்கள். கடைசிப் பத்து நிமிடம் முதல் பத்து நிமிடத்தைப் போலவே இருந்தால் ஏற்றங்களைச் சரியாக ஏறியிருக்கிறீர்கள்.

அடுத்த முறை உங்களுக்குத் தெரிந்த யாராவது அயர்ன்மேன் முடித்துவிட்டு வந்தால், எத்தனை மணி நேரம் என்று முதலில் கேட்காதீர்கள். ராத்தின் பத்து மணியும் லான்சரோட்டேயின் பத்து மணியும் ஒன்றல்ல. அதே ஊரில்கூடக் காற்றடித்த ஆண்டின் நேரமும் காற்றில்லாத ஆண்டின் நேரமும் ஒன்றல்ல. மாரத்தானின் இரண்டாம் பாதியை ஓடினீர்களா, நடந்தீர்களா என்று கேளுங்கள்.